படம் எடுத்தாங்களா?

எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாலும் அம்மா வாசலிலேயே வைத்துக் கேட்பது ஒன்றுதான்: “படம் எடுத்தாங்களா?” எடுத்தார்கள் என்று சொன்னால் அவருக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி. எடுக்கவில்லை என்றால் அன்று முழுக்க முணுமுணுப்பு. “சும்மா கையப் புடிச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டானுங்க போல.” காய்ச்சலுக்கு எதற்கு எக்ஸ்ரே, பல்வலிக்கு எதற்கு நெஞ்சுப் படம் என்று நான் பல வருடம் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். போன வருடம் என் பேத்திக்கு ஒரு டெஸ்ட் எடுக்கப் போன இடத்தில் அதே கேள்வியை, அம்மாவைவிடச் சத்தமாக, ஒரு சின்ன வயது டாக்டரிடம் நானே கேட்டேன். கேட்டது மட்டுமில்லை, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். அது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன்.

பழுப்பு உறை

இப்போது நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. நான் பிறந்து வளர்ந்தது பட்டணத்திலிருந்து ஏழெட்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். இன்று அங்கே ஒரு பால் மரம் கிடையாது, எல்லாம் செம்பனை. தோட்டத்து வைத்தியம் எப்படி என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. டிரசர் என்கிற தோட்டத்து மருந்துக்காரர், வெள்ளை மாத்திரை, கலக்கிய மருந்து, “வேலைக்குப் போலாம்.” 1979இல் அப்பா மூன்று மாதம் விடாமல் இருமினார். மூன்று மாதமும் ஒரே மருந்துதான், அம்மா கழுவிக் கொண்டுபோகிற அதே போத்தலில். ராத்திரி வேர்க்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, சளியில் சிவப்பாக ஏதாவது வருகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. கடைசியில் மாமா ஒருவர்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். காச நோய். மாத்திரை சாப்பிட்டுத் தேறினார், அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் இருந்தார்.

அந்தப் படத்தைப் பெரிய பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்து, கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மடங்கிவிடும் என்று பஸ்ஸில் அதை மடியில் வைக்காமல், நெஞ்சோடு நிறுத்திப் பிடித்தபடியே அப்பா வீடு வந்து சேர்ந்தார். லயத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியாயிற்று. பக்கத்து வீட்டுத் தாத்தா விலா எலும்பை விரல் வைத்து எண்ணி, “ஒண்ணு கொறையுதே” என்று அம்மாவை அழவைத்ததும் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தைவிட்டு வந்தபோது எத்தனையோ சாமான் விட்டுப்போனது, அந்த உறை மட்டும் வந்தது. இன்றும் அலமாரி மேலே, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கிறது. வாயைத் திறந்து கேட்காத இடத்திலிருந்து வந்தவருக்கு, உள்ளே எட்டிப் பார்த்துக் கையில் ஒரு அத்தாட்சியும் கொடுத்தார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இரண்டு வயதில் ஒரு டெஸ்ட்

பேத்திக்கு இரண்டு வயது ஆகும்போது அடுத்தடுத்து மூன்று தடவை காய்ச்சல். மூன்றுக்கும் காரணம் மூத்திரத்தில் கிருமி. முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி எடுக்கிற ஸ்கேன்தான், அதில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது, மூத்திரம் பையிலிருந்து கீழே போகாமல் மேலே திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், எம்.சி.யு. என்கிற எக்ஸ்ரே டெஸ்ட் செய்யலாம் என்றார்கள். என் மகள் ஈப்போவில் ஷிப்ட் வேலை செய்கிறவள், மருமகன் லாரி ஓட்டுகிறவர். ஆக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன்.

அந்த அறையில் நின்றவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரு மெல்லிய குழாயை மூத்திர வழியாக விட்டு, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைப் பை நிறையும்வரை ஏற்றி, பிறகு அந்தப் படுக்கையிலேயே அவளை மூத்திரம் போகவைத்து, அதை எக்ஸ்ரே திரையில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். நாலு மாதம் கெஞ்சி “கீழே போகக்கூடாது, கழிவறையில்தான் போகணும்” என்று பழக்கிய பிள்ளையிடம், முன்பின் தெரியாத நாலு பேர் நடுவே படுத்தபடி போ என்றால் போவாளா? அது தனிக் கதை.

இதற்கெல்லாம் முன்னால், குழாய்கூடப் போடாமல், முதலில் ஒரு வயிற்றுப் படம். எனக்கு ஈயக் கவசத்தை மாட்டிவிட்டு, பிள்ளையின் கையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். “ஜாங்கான் கெராக், சாயாங்” (அசையாதே, கண்ணு) என்று படம் எடுக்கிற பையன் மலாயில் அன்பாகத்தான் சொன்னான். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கெராக் ஆகாமல் இருக்கத் தெரியுமா? இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினாள். படம் கலங்கிப்போய் இன்னொன்று எடுத்தார்கள். டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்னாலேயே இரண்டு. எதற்கு இது என்று கேட்டேன். “மெமாங் பியாசா, மாச்சிக்.” வழக்கமாக எடுப்பதுதான். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், ரெண்டு படம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முடிவு: இடது பக்கம் மூத்திரம் திரும்பி ஏறுகிறது. ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் பிரிக்கிறார்கள், இவளுக்கு இரண்டு. வளர வளரத் தானாகச் சரியாகிவிடக்கூடிய வகை. தினம் ராத்திரி கொஞ்சம் கிருமி மருந்து, ஒன்றரை வருடம் கழித்து மறுபடி டெஸ்ட் என்றார்கள். அதற்குள் இன்னும் இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏன் வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

“அதனாலதான் ஆண்டி”

இரண்டாவது தடவை போனபோது அவளுக்கு மூன்றரை வயது. அறையில் ஒரு பெண் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், தமிழ்ப் பெண். பழைய படங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆண்டி, இன்னைக்கு மொத படம் வேணாம். நேரா டெஸ்டுக்குப் போயிடலாம்.”

“போன தடவ எடுத்தாங்களே?”

“அதனாலதான் ஆண்டி.”

எனக்கு அந்த நேரத்தில் என்ன ஆனது என்று இப்போது யோசித்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் ஒரே போத்தலில் மருந்து வாங்கி வந்த அம்மாவின் முகம் எங்கிருந்தோ வந்துவிட்டது. “அஞ்சு வெள்ளி கட்டிப் பாக்குறவங்கதானே நாங்க, எங்களுக்கு எதுக்குப் படம்னு மிச்சம் பிடிக்கிறீங்களா?” என்று கேட்டேன். அறையில் இருந்த மிஸி (நர்ஸ்) தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன், இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவர் நாற்காலியை நகர்த்தித் திரையை என் பக்கம் திருப்பினார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எடுத்த அந்த முதல் படம். பேத்தியின் இடுப்பெலும்பு இரண்டு இலை மாதிரி. நடுவே முதுகெலும்பு, சோளக்கதிர் அடுக்கின மாதிரி. டாக்டர் பேனா நுனியால் காட்டிக்கொண்டே போனார். இந்தப் படத்தை எதற்கு எடுப்பார்கள் தெரியுமா ஆண்டி, கல் இருக்கிறதா என்று பார்க்க, முதுகெலும்பில் பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க. பிலிம் காலத்தில் வெளிச்சம் கூடவா குறையவா என்று சரிபார்க்கவும் இது தேவைப்பட்டது. கல் இருந்தால் பெரும்பாலும் ஸ்கேனிலேயே தெரியும், போன வாரம் எடுத்த ஸ்கேனில் இல்லை. முதுகெலும்பு அப்போது நன்றாக இருந்தது, ஒன்றரை வருடத்தில் அது பிறவிக் கோளாறாக மாறப்போவதில்லை. வெளிச்சத்தை இப்போது மெஷினே பார்த்துக்கொள்கிறது. குழாய் சரியாகப் போயிருக்கிறதா என்பதை நான் எக்ஸ்ரேயைப் போடுகிற இந்த மிதிக்கட்டையை ஒரு தட்டுத் தட்டினால் பார்த்துவிடலாம், திரையில் கடைசியாக நின்ற படத்தை அப்படியே சேமித்தும் வைக்கலாம், அதற்கென்று தனிப் படம் தேவையில்லை. “அப்போ இந்தப் படத்துக்கிட்ட நான் என்ன கேக்கணும், சொல்லுங்க?”

என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவர் பேனாவைக் கொஞ்சம் கீழே இறக்கினார். வயிற்றின் இடது பக்கம் முழுக்க, இடுப்பெலும்புக்குள்ளும், புள்ளி புள்ளியாக மேகம் திரண்ட மாதிரி இருந்தது. “இது என்னன்னு யாராவது சொன்னாங்களா?” சொல்லவில்லை. “மலம். குடல் முழுக்க அடைஞ்சு கெடக்கு. ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதியிருக்காங்க.” பிறகு, என்னைப் பார்த்து: “எத்தன நாளைக்கு ஒரு தடவ வெளிக்குப் போறா?”

மூணு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் நாலு நாள், கெட்டியாக, அழுதுகொண்டேதான் போவாள் என்றேன். இதை இதற்கு முன்னால் யாராவது கேட்டார்களா என்றார். ஐந்து காய்ச்சல், இரண்டு ஸ்கேன், ஒரு எம்.சி.யு., எத்தனையோ கிளினிக் சீட்டு. ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, மூத்திரக் கோளாறுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? சம்பந்தம் இருக்கிறதாம். குடலின் கடைசிப் பகுதி கெட்டியாக அடைத்துக்கொண்டால் முன்னால் இருக்கிற மூத்திரப் பையை அழுத்தும், பை முழுசாகக் காலியாகாது, மிச்சம் தேங்கும், தேங்கின இடத்தில் கிருமி. அதனால்தான் மருந்து கொடுத்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கலாம் என்றார்.

இந்த இடத்தில்தான் என் மண்டை சுற்றியது. வேண்டாத படம் என்று இவர் சொல்கிற அதே படத்தில்தானே விஷயம் இருந்தது? கேட்டேன். சிரித்தார். “இருந்துச்சு ஆண்டி. ஆனா அதுக்குப் படம் வேணாம். உங்களக் கேட்டிருந்தா போதும்.”

டெஸ்ட் நடந்தது. வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பிள்ளையின் பை எவ்வளவு பிடிக்கும் என்று உத்தேசமாக வருமாம். இவளுக்கு 165 மில்லி. மருந்துப் போத்தலைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே மிஸி ஏதோ பாட்டுப் பாட, டாக்டர் மிதிக்கட்டையைத் தட்டுவதும் விடுவதுமாக இருந்தார். வெறும் நொடிக் கணக்கு. மூத்திரம் எந்தப் பக்கமும் ஏறவில்லை. கிளம்பும்போது என் கையில் ஒன்றும் இல்லை, இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. மலச்சிக்கலுக்கு ஒரு மருந்துச் சீட்டு மட்டும். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. “போய்ட்டு வரேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

எதைப் பார்த்துப் பயப்படுவது

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மனிதன் ஒரு வருடத்தில் வாங்குகிற இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கிற அலகு). பெரியவர் ஒருவரின் நெஞ்சுப் படம் ஒன்றுக்கு 0.1கூட வராது. வயிற்றுப் படத்துக்கு அதைவிடக் கூடுதல், அப்படியும் சின்ன அளவுதான். ஆனால் வளர்கிற பிள்ளையின் உடம்பில் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, முன்னால் இருக்கிற ஆயுளும் நீளம், அதனால் அதே அளவு கதிர் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கணக்கு. இன்னொன்றும் உண்டு. திரையில் ஓடும் படத்துக்கான கதிரை இப்போது விட்டு விட்டு அனுப்பும் முறையால் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். அது குறையக் குறைய, வழக்கத்துக்கு எடுக்கிற அந்த ஒற்றை முதல் படம் மொத்தக் கணக்கில் பெரிய பங்காகிவிடுகிறது. சோறு மலிவான வீட்டில் ஊறுகாய்க்குச் செலவு போன மாதிரி.

எங்கள் பேராக்காரர்களுக்குக் கதிர்வீச்சு என்ற வார்த்தை புதுசில்லை. ஈப்போ பக்கத்தில் புக்கிட் மேரா மக்கள், கதிரியக்கக் கழிவு வந்த அருமண் ஆலைக்கு எதிராக 1985இல் நீதிமன்றம் போனதும், 1994இல் ஆலை மூடப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு நடந்த காலத்தில் அந்தப் பக்கமே பஸ்ஸில் போக மாட்டேன் என்ற அம்மாதான் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே வார்த்தை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி ஃபோனில் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். (மகள் திட்டினாள், கண் போய்விடும் என்று.) இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்று ஒரு டாக்டர். 1950களில், புற்றுநோயில் இறந்த பிள்ளைகளின் தாய்மார்களிடம் கேள்விப் பட்டியல் போட்டு விசாரிக்க வைத்திருக்கிறார்: கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன நோய் வந்தது, எக்ஸ்ரே எடுத்தார்களா. வயிற்றில் இருக்கும்போதே எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளிடம் நோய் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. 1956இலும் 1958இலும் எழுதி வெளியிட்டார். தாய்மார்களின் ஞாபகத்தை நம்பியா பேசுவது என்று மருத்துவ உலகம் வெகு காலம் இழுத்தடித்தது. அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளுக்குப் படம் எடுப்பதும் பல இடங்களில் சாதாரண வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அந்த ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது எந்த மெஷினும் இல்லை, அம்மாக்களிடம் கேட்ட கேள்விதான். நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

வழக்கம் என்பது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது பிள்ளைகளின் இடுப்பில் ஈயத் துணி போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே அது இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெரிய பலன் இல்லை, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்து மறுபடி எடுக்க வைக்கிறது என்று. நல்லதுக்கு ஆரம்பித்ததுதான். ஆரம்பித்த காரணம் போய்விட்டாலும் துணி மட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. எதற்கும் ஒரு படம் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது, ஆயிரத்தில் ஒருத்திக்கு ஏதாவது தெரிந்தால் லாபம்தானே என்கிறாள். அந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை, அப்பாவின் உறை அலமாரி மேலே இருக்கும்வரை தள்ளவும் முடியாது. ஆனால் அப்பாவின் படம் வழக்கத்துக்கு எடுத்ததில்லை. மூன்று மாத இருமல் என்ற கேள்வியோடு எடுத்தது.

எடுத்தே ஆக வேண்டிய படம் எப்படி இருக்கும் என்று மூன்று மாதம் முன்னால் எதிர் வீட்டிலேயே பார்த்தேன். எட்டு மாதக் குழந்தை, திடீர் திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுவதும், ஐந்து நிமிஷம் கழித்து வாடிப்போய்க் கிடப்பதுமாக இருந்தான். நாப்பியில் ரத்தமும் சளியும் கலந்து ஜெல்லி மாதிரி. குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள், சட்டைக் கையை மடித்துவிட்ட மாதிரி, நுழைந்துகொள்கிற நோய். ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முதலில் ஒரு படம் எடுத்தார்கள், இந்தத் தடவை காரணத்தோடு: குடல் ஓட்டையாகி வயிற்றுக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று. கசிந்திருந்தால் நேராக ஆபரேஷன்தான். இல்லை என்றால் பின்வழியாகக் காற்றை அளவான அழுத்தத்தில் செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே, மடங்கினதை வெளியே தள்ளலாம். அவனுக்குக் கசிவு இல்லை. கத்தி படாமல் மறுநாளே பால் குடித்தான். அந்த ஒரு படம் என்ன சொல்லும், சொன்னால் அடுத்து என்ன செய்வோம் என்று எடுப்பதற்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாங்குகிற சாமானுக்கு வீட்டில் இடம் பார்த்துவிட்டுப் பாசாருக்குப் போகிற மாதிரி.

இரண்டாவது டெஸ்ட் முடிந்து வந்த அன்று அம்மா வழக்கம்போல வாசலில் நின்றார். படம் எடுத்தாங்களா? இல்லைம்மா, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. முகம் சுருங்கியது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் திண்டிலேயே உட்கார்ந்து, அந்தப் பெண் என்ன கேட்டது, நான் என்ன சொன்னேன் என்று முழுசாகச் சொன்னேன், அஞ்சு வெள்ளிப் பேச்சு உட்பட. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒங்கப்பாவ ஒருத்தன் கேக்கலியே” என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் பப்பாளி. தண்ணீர் குடிக்க ஒரு மஞ்சள் குவளை, சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம் கழிவறையில் உட்கார ஒரு முக்காலி, காலுக்கு அடியில் பழைய பால்மாவு டின். டாக்டர் கொடுத்த மருந்தும் சேர்ந்து, இரண்டு வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது, இப்போது தினமும். காய்ச்சல் வந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் ஏழு மணிக்கெல்லாம் அம்மா தன் அறையிலிருந்தே குரல் கொடுப்பார், “இன்னைக்குப் போனாளா?” பேத்திக்கு இதில் ஏகப் பெருமை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, “பூட்டி! வந்து பாரு!” என்று கத்துவாள். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்.